கிளவுஸைக் கழற்றச் சொன்னேன்

2009-ம் ஆண்டு ஆகஸ்ட் மாதம். சிங்கப்பூரில் ஜூரோங் பக்கம் ஒரு தொழிற்கூடம் கட்டிக்கொண்டிருந்தோம். காலை ஏழே முக்காலுக்கு டூல் பாக்ஸ் மீட்டிங் என்ற காலைப் பாதுகாப்புக் கூட்டத்தை முடித்து ஆட்களை வேலைக்கு அனுப்பியிருந்தேன். பத்து மணிக்கு டீ வந்தது. எல்லோரும் கிளவுஸைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டு உட்கார்ந்தார்கள். அறந்தாங்கிப் பக்கத்துத் தம்பி ஒருவன் மட்டும் இடது கையில் கிளவுஸோடு, வலது கையால் டீப் பையைத் தூக்கிப் பிடித்து ஸ்ட்ராவில் உறிஞ்சிக்கொண்டிருந்தான். அங்கே டீயைப் பிளாஸ்டிக் பையில் கட்டித்தான் வாங்கி வருவார்கள். பையை ஒரு கையில் தொங்கவிட்டுக்கொண்டு மறு கையால் ரொட்டி தின்பது வழக்கம். இவன் இன்னொரு கையை மடியை விட்டு எடுக்கவே இல்லை.

"கையில என்னடா?"

"ஒண்ணுமில்லண்ணே."

"கிளவுஸைக் கழட்டு."

அவன் கழற்றவில்லை. நானே பிடித்து இழுத்தேன், வரவில்லை. ரத்தம் காய்ந்து துணி தோலோடு ஒட்டியிருந்தது. ஒரு பாட்டில் தண்ணீரை ஊற்றி ஊறவைத்து, ஒவ்வொரு விரலாக உருவி எடுத்தோம். நடுவிரலின் நுனி நசுங்கிப்போய், நகம் ஒரு பக்கமாகத் தூக்கிக்கொண்டு நின்றது. எட்டரை மணிக்குக் கம்பிக் கட்டு இறங்கும்போது மாட்டியிருக்கிறது. அதற்குப் பிறகு ஒன்றரை மணி நேரம் அதே கையால் கம்பி கட்டியிருக்கிறான். வலியில் ஒரு சத்தம்கூடப் போடவில்லை என்று பக்கத்தில் நின்ற வங்காளதேசத்து பாய் சொன்னார்.

தம்பி அழவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினான். "பாஸுக்குத் தெரிய வேணாம்ணே. பெர்மிட்ட கேன்சல் பண்ணிருவாங்க. ரெண்டே முக்கா லட்சம் கடன்ணே. வந்து அஞ்சு மாசம்தான் ஆவுது."

சிங்கப்பூரில் நான் 26 ஆண்டு இருந்தேன். அதில் 18 ஆண்டு சேஃப்டி வேலை. உயரத்திலிருந்து விழுவது, மண் சரிவது, கிரேன் சுமை அறுந்து விழுவது, மின்சாரம் தாக்குவது என்று ஆபத்துகளைப் பட்டியல் போட்டு, ஒவ்வொன்றுக்கும் தடுப்பு என்னவென்று எழுதுவதுதான் என் பிழைப்பு. கடனுக்கு அந்தப் படிவத்தில் கட்டம் கிடையாது. பெர்மிட் பயத்துக்கும் கிடையாது. நான் பார்த்த விபத்துகளில் பெரும்பாலானவை அந்த இரண்டிலிருந்துதான் தொடங்கின.

நான் போனது 1997-ல். பேராவூரணி பக்கம் எங்கள் ஊர். அப்பா இரண்டு மா நிலத்தை ஒத்திக்கு வைத்தார். அம்மாவின் நகை பட்டுக்கோட்டையில் அடகுக்குப் போனது. ஏஜென்டுக்குக் கொடுத்தது 90,000 ரூபாய். ரசீது கேட்கவில்லை. கேட்கலாம் என்பதே எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. சம்பளம் நாளுக்கு 16 வெள்ளி. சிங்கப்பூர் டாலரை அங்கே தமிழில் வெள்ளி என்போம். அப்போது ஒரு வெள்ளிக்கு 24 ரூபாய் கிடைத்தது. ஓ.டி. பார்த்தால் மாதம் 14,000 ரூபாய் வரும், ஏழெட்டு மாதத்தில் கடன் தீர்ந்துவிடும் என்று ஏஜென்ட் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். அந்தக் கணக்கில் சாப்பாடு இல்லை, வட்டி இல்லை, மழையால் வேலை நின்ற நாள் இல்லை. கடன் தீர எனக்கு ஒன்றே முக்கால் வருடம் ஆனது.

விமான நிலையத்தில் வண்டியோடு வந்த ஆள் முதலில் கேட்டது பாஸ்போர்ட்டை. பத்திரமாக இருக்கும், கொடு என்றார். கொடுத்துவிட்டேன். அடுத்தவர் பாஸ்போர்ட்டைப் பிடித்துவைப்பது அங்கே சட்டப்படி குற்றம். அது எனக்குத் தெரிய ஆறு வருடம் ஆனது. இரவு சைட்டுக்குள்ளேயே கண்டெய்னரில் படுக்கை. காலை ஆறு மணிக்குக் கேட்டரிங் ஆள் இரண்டு பொட்டலம் தருவான். ஒன்று காலைக்கு, மற்றது மதியத்துக்கு. இரண்டும் விடியற்காலை மூன்று மணிக்கே கட்டியவை. அந்த வெயிலில் மதியப் பொட்டலத்தைப் பிரிக்கும்போது சாம்பார் நூல் விட்டிருக்கும். முகர்ந்து பார்த்துவிட்டு மோரை ஊற்றிச் சாப்பிடுவோம். இன்றும் சாம்பார் கொஞ்சம் புளித்தால் எனக்கு அந்தக் கண்டெய்னர் வாசல்தான் கண்முன் வரும்.

2004 ஏப்ரல் 20 அன்று நிக்கோல் நெடுஞ்சாலை உள்வாங்கியது. எம்.ஆர்.டி. ரயில் சுரங்கத்துக்காகத் தோண்டிய பள்ளத்தின் தாங்கு அமைப்பு சரிந்து நான்கு பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு சிங்கப்பூர் அரசு செய்ததை நான் மனதாரப் பாராட்டுவேன். பழைய தொழிற்சாலைச் சட்டத்தை ஒதுக்கிவிட்டு, 2006-ல் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தைக் கொண்டுவந்தது. விபத்து நடந்தபின் அபராதம் போடுகிற பழக்கம் போய், ஆபத்தை உண்டாக்குகிறவனே அதைக் குறைக்கவும் பொறுப்பு என்று ஆனது. முதலாளி, ஒப்பந்தக்காரர், வேலையிடத்தைப் பொறுப்பில் வைத்திருப்பவர் எல்லோரையும் அந்தப் பொறுப்பு பிடித்தது. 2004-ல் ஒரு லட்சம் தொழிலாளருக்கு 4.9 என்றிருந்த வேலையிட மரண விகிதம் 2023-ல் 0.99 ஆனது. நான் சேஃப்டிக்குப் படித்து, கம்பி கட்டுவதை விட்டு வெள்ளைத் தொப்பி போட்டுக்கொண்டது அந்த அலையில்தான். சட்டத்தைச் சரியாக எழுதி மேலே இருப்பவனைப் பிடித்தால் உயிர் பிழைக்கும் என்பதை அந்த 18 வருடமும் கண்ணால் பார்த்தேன். அதனால்தான் பெர்மிட் சட்டத்தைப் பற்றியும் பேசுகிறேன்.

வேலை பெர்மிட் என்பது அங்கே ஒரு மனிதனையும் ஒரு முதலாளியையும் சேர்த்துக் கட்டும் தாள். அந்த முதலாளியிடம் மட்டும்தான் வேலை பார்க்கலாம். வேண்டாம் என்று அவர் நினைத்தால் அலுவலகத்தில் உட்கார்ந்தபடியே கணினியில் கேன்சல் செய்துவிடலாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை. மலேசியக்காரர் அல்லாத ஒவ்வொரு தொழிலாளிக்கும் முதலாளி 5,000 வெள்ளி பிணைத்தொகைக்குப் பொறுப்பேற்க வேண்டும். ஆள் காணாமல் போனால் அந்தப் பணம் பறிபோகலாம். ஆக, பெர்மிட்டை கேன்சல் செய்த கையோடு ஆளை விமானத்தில் ஏற்றிவிடத்தான் அவர் பார்ப்பார். மாதாமாதம் அரசுக்கு லெவி என்ற கட்டணம் வேறு கட்ட வேண்டும். 2024 ஜனவரியிலிருந்து கட்டுமானத்தில் திறன் கூடிய தொழிலாளிக்கு 500 வெள்ளி, மற்றவருக்கு 900 வெள்ளி. இதில் ஒரு காசு தொழிலாளி கைக்கு வராது. வேலை செய்யாத ஆளுக்கும் லெவி ஓடுகிறது என்ற எரிச்சல்தான், காயம்பட்டவனைப் பார்க்கும்போது முதலாளி முகத்தில் தெரியும். அந்த முகத்தைப் பல பேரிடம் பார்த்துவிட்டேன். அவர்கள் எல்லோருமே கெட்டவர்கள் என்று சொல்ல மாட்டேன். நல்லவரும் அந்த இடத்தில் உட்கார்ந்தால் அப்படித்தான் பார்ப்பார். சட்டத்தின் அமைப்பு அப்படி.

2010 வாக்கில் துவாஸில் நடந்தது ஒன்று. நாலு மாத ஓ.டி. பணம் வரவில்லை என்று மன்னார்குடிக்காரர் ஒருவர் அலுவலகத்துக்குப் போய்க் கேட்டார். சண்டை போடவில்லை, கேட்டார், அவ்வளவுதான். ராத்திரி இரண்டு மணிக்கு டார்மிட்டரி அறைக்கு மூன்று பேர் வந்தார்கள். ஆளை ஊருக்கு அனுப்பிவைப்பதையே தொழிலாக நடத்திய சில கம்பெனிகள் அப்போது இருந்தன. அந்த வகை ஆட்கள் இவர்கள். துணியை எடுத்துக்கொள்ள மட்டும் விட்டார்கள். அறையில் பதினைந்து பேர் இருந்தும் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. மறுநாள் காலை மீட்டிங்கில், "யாருக்காவது கேள்வி இருக்கா?" என்று வழக்கம்போல் கேட்டேன். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். சாரத்துப் பலகை ஆடுகிறதா, கயிறு நைந்திருக்கிறதா என்று கேட்டாலும் அதே மௌனம்தான். ஓ.டி. பணத்தைக் கேட்க முடியாதவன் ஆடும் பலகையைப் பற்றி எப்படிச் சொல்வான்?

அறந்தாங்கித் தம்பியின் கதையை முடித்துவிடுகிறேன். கம்பெனி ஆட்களை அனுப்பும் கிளினிக் ஒன்று இருந்தது. எந்தக் காயத்தோடு போனாலும் இரண்டு நாள் எம்.சி. என்ற மருத்துவ விடுப்பு, பிறகு லைட் டூட்டி என்று எழுதித் தரும் இடம் அது. மூன்று நாளுக்கு மேல் மருத்துவ விடுப்பு போனால் மனிதவள அமைச்சுக்குத் தகவல் தர வேண்டும் என்பது அப்போதைய விதி. அந்த மூன்றைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வதுதான் அவர்களுக்குத் தொழில். நான் அங்கே போகாமல் தம்பியை டாக்சியில் ஏற்றி அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோனேன். விரல் நுனியை எடுக்க வேண்டி வந்தது. இழப்பீட்டுக்கு மனுப் போட்டான். பெர்மிட் கேன்சலானது. வழக்கு முடியும்வரை ஸ்பெஷல் பாஸ் என்று ஒரு தாள் தருவார்கள். அதை வைத்துக்கொண்டு நாட்டில் இருக்கலாம், வேலை செய்யக் கூடாது. எட்டு மாதம் அப்படி இருந்தான். 'டிரான்சியன்ட் வொர்க்கர்ஸ் கவுன்ட் டூ' என்ற தொண்டு அமைப்பு, இப்படி வழக்கில் மாட்டிக்கொண்டவர்களுக்கு 2008 முதல் லிட்டில் இந்தியாவில் இலவசச் சாப்பாடு போட்டுவருகிறது. அங்கேதான் அவன் சாப்பிட்டான். இழப்பீடு வந்தது. அது கடனுக்கும் வட்டிக்கும் போய்விட்டது. 2012-ல் மறுபடி ஏஜென்டுக்கு இரண்டு லட்சம் கொடுத்து, நுனி போன விரலோடு சிங்கப்பூருக்கே திரும்பி வந்தான். அந்த விபத்துக்கு அடுத்த வருடம் என் பெர்மிட்டைப் புதுப்பிக்கவில்லை. வேறு கம்பெனி தேடிக்கொண்டேன்.

2020 செப்டம்பரிலிருந்து விதி மாறியது. வேலையில் பட்ட காயத்துக்கு ஒரு நாள் எம்.சி. கொடுத்தாலும், லைட் டூட்டி என்று எழுதினாலும் தகவல் தர வேண்டும். மூன்று நாள் கணக்கு செத்தது. ஒரு வரியை மாற்றியதால் எத்தனை விரல்கள் ஒழுங்கான மருத்துவரின் பார்வைக்கு வந்தன என்பது எங்கள் வேலையில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

ஆட்களை ஒதுக்கிவைப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2008-ல் செராங்கூன் கார்டன்ஸ் வட்டாரத்தில், மூடிக்கிடந்த ஒரு பள்ளிக் கட்டடத்தை வெளிநாட்டு ஊழியர் விடுதியாக்கப் போகிறார்கள் என்ற செய்தி வந்தது. வேண்டாம் என்று 1,400 பேருக்கு மேல் கையெழுத்துப் போட்டார்கள். திருடுவார்கள், பெண்களை முறைப்பார்கள், வீட்டு விலை விழும் என்றார்கள். அரசு விடுதியைக் கைவிடவில்லை. ஆனால் அந்த வட்டாரத் தெருக்கள் வழியாக ஊழியர்கள் போய்வராதபடி விடுதிக்கென்று தனிச் சாலை ஒன்றைப் போட்டுக்கொடுத்தது. சாலை போட்டவர்களும் எங்களைப் போன்ற ஆட்கள்தான்.

அடுக்குமாடி வீடுகளில் எல்லா மாடியிலும் லிஃப்ட் நிற்கும்படி மாற்றும் வேலை நடந்துகொண்டிருந்த காலம். நாங்கள் வேலை பார்த்த ஒரு கட்டடத்தில், பழைய லிஃப்டில் கட்டுமான ஊழியர் ஏறக் கூடாது என்று தாள் ஒட்டிவிட்டார்கள். வியர்வை நாற்றம் என்று யாரோ புகார் சொன்னார்களாம். 12-வது மாடிக்கு சிமென்ட் மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு படியில் போனோம். அந்த மாடியில் ஒரு மலாய்ப் பாட்டி தினமும் ஒரு வாளியில் பாண்டான் இலை போட்ட குளிர்ந்த நீரும் நாலு கிளாசும் வாசலில் வைத்திருப்பார். பேசமாட்டார், சிரிப்பார். அதே வரிசையில் ஒரு தமிழ் வீடு. அந்த வீட்டுப் பெண் தன் பிள்ளையிடம், "படிக்கலன்னா இந்த ஊர்க்காரங்க மாதிரி மூட்டை தூக்கணும்" என்றார். அங்கே பிறந்த தமிழர் நம்மை ஊர்க்காரர்கள் என்றுதான் சொல்வார்கள். சீனர் சொல்லியிருந்தால் எனக்கு மொழி புரிந்திருக்காது. இதுதான் வலித்தது. அவருடைய தாத்தாவும் கப்பலில் வந்து மூட்டை தூக்கியவராகவே இருந்திருப்பார்.

2013 டிசம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. அன்று மாலை நானும் தேக்காவில், அதாவது லிட்டில் இந்தியாவில்தான் இருந்தேன். மளிகை வாங்கிக்கொண்டு ஏழு மணிக்குக் கிளம்பிவிட்டேன். ஒன்பதரை மணிவாக்கில், ரேஸ் கோர்ஸ் சாலையும் ஹேம்ப்ஷயர் சாலையும் சேரும் இடத்தில், டார்மிட்டரிக்கு ஆள் ஏற்றும் தனியார் பஸ்ஸின் அடியில் சிக்கி ஒருவர் இறந்துபோனார். புதுக்கோட்டை மாவட்டத்துக்காரர், 33 வயது. கூட்டம் கொதித்தது. போலீஸ் வண்டியையும் ஆம்புலன்சையும் அடித்து நொறுக்கித் தீ வைத்தார்கள். 40 ஆண்டுகளில் அந்த நாடு அப்படி ஒரு கலவரத்தைப் பார்த்ததில்லை. காப்பாற்ற வந்த ஆம்புலன்சை எரித்ததை நான் எந்தக் காலத்திலும் நியாயப்படுத்த மாட்டேன். 25 பேர் மேல் வழக்கு வந்தது. 50 பேருக்கு மேல் வழக்கில்லாமலே ஊருக்கு அனுப்பப்பட்டார்கள்.

மறுநாள் காலை சைட்டுக்கு வந்த லாரிகளில் பேச்சே இல்லை. நேற்று தேக்காவுக்குப் போனவர்கள் யார் என்று அலுவலகத்திலிருந்து பெயர்ப் பட்டியல் கேட்டார்கள். எல்லோரும்தான் போயிருந்தார்கள். வாரத்தில் ஒரு நாள் விடுமுறை. ஊருக்குப் பணம் அனுப்ப, கறிச்சோறு சாப்பிட, சொந்தக்காரனைப் பார்க்க வேறு போக்கிடம் ஏது? என் பெயரை முதலில் எழுதி, எல்லோர் பெயரையும் எழுதிக் கொடுத்தேன். அதற்கப்புறம் பல மாதம், எம்.ஆர்.டி.யில் என் பக்கத்து இருக்கை காலியாக இருந்தாலும் ஆட்கள் நின்றுகொண்டே வந்தார்கள். முன்னாள் நீதிபதி ஜி. பன்னீர்செல்வம் தலைமையில் விசாரணைக் குழு உட்கார்ந்தது. குடி ஒரு காரணம் என்றும், வேலை நிலைமை மீதான மனக்குறை காரணமில்லை என்றும் அறிக்கை வந்தது. 2015-ல் மதுக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. பெரிய விடுதிகளுக்கு உரிமம் வேண்டும் என்ற சட்டமும் அதே ஆண்டு வந்தது. இரண்டாவது சட்டத்தால் எங்களுக்கு நல்ல கழிப்பறையும் சமையலறையும் கிடைத்தன. ஆனால் விடுதிகள் ஊரைவிட்டுத் தள்ளித் தள்ளியே எழுந்தன.

தள்ளி வைத்ததன் விலை 2020-ல் தெரிந்தது. ஏப்ரல் 5 அன்று பொங்கோலிலும் தோ குவானிலும் இரண்டு பெரிய விடுதிகளைத் தனிமைப் பகுதி என்று அறிவித்தார்கள். சில நாளில் எல்லா விடுதிகளும் பூட்டப்பட்டன. மொத்தம் 3,23,000 பேர். எங்கள் அறையில் 12 பேர், இரண்டடுக்குக் கட்டில். ஒரு மீட்டர் இடைவெளி விடுங்கள் என்று ஒலிபெருக்கியில் தமிழிலும் வங்காளத்திலும் சொல்வார்கள். என் கட்டிலுக்கும் பக்கத்துக் கட்டிலுக்கும் நடுவே என் முழங்கால்தான் நுழையும். நான் ஒரு சேஃப்டி ஆள். இந்த அறையை ஆய்வு செய்யச் சொல்லியிருந்தால் முதல் நாளே சிவப்பு அட்டை போட்டிருப்பேன். அந்த ஆண்டு டிசம்பரில் வெளியான கணக்குப்படி விடுதிவாசிகளில் 47 சதவீதம் பேருக்குத் தொற்று வந்துபோயிருந்தது. மருத்துவம் இலவசம். சாப்பாடு வந்தது, இறப்பு மிகக் குறைவு. அந்த டாக்டர்களையும் நர்சுகளையும் கையெடுத்துக் கும்பிடுவேன்.

ஆனால் ஊர்மக்கள் கடைத்தெருவுக்குப் போக ஆரம்பித்த பிறகும் எங்களுக்குக் கதவு திறக்கவில்லை. லாரி, சைட், லாரி, அறை. 2021 செப்டம்பரில் ஒரு சோதனை முயற்சியாக வாரத்துக்கு 500 பேரைத் தேக்காவுக்கு விட்டார்கள். முதல் தொகுதியில் போய்வந்த பட்டுக்கோட்டைக்காரர் ஒருவர், கோயிலில் கொடுத்த திருநீற்றைக் காகிதத்தில் மடித்துக்கொண்டு வந்து அறையில் இருந்த எல்லோர் நெற்றியிலும் பூசிவிட்டார். பாய்மார்கள் இருவரும் நெற்றியைக் காட்டினார்கள். சாதாரணமாக வெளியே போவதற்கான அனுமதிச் சீட்டு 2022 ஜூனில்தான் போனது. ஞாயிற்றுக்கிழமையும் பொது விடுமுறையும் லிட்டில் இந்தியா போன்ற நான்கு இடங்களுக்குப் போக வேண்டுமானால் சீட்டு வாங்கும் முறை, நான் ஊர் திரும்பிய பிறகு 2024 மே 1 வரை இருந்தது. தொற்றுக்காகப் போட்ட பூட்டு தொற்று போன பிறகும் அத்தனை நாள் தொங்கியதற்கு, எங்களைப் பார்க்கும் பார்வையைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

எங்களை லாரியின் பின்னால் ஏற்றிப்போகும் விஷயம் இன்னும் தீராதது. முன்னால் டிரைவர் பக்கத்தில் உட்கார்பவர் பெல்ட் போடாவிட்டால் அபராதம். பின்னால் பலகையில் உட்கார்ந்துவரும் இருபது பேருக்கு பெல்ட்டே கிடையாது. கூரையும் பக்கக் கம்பியும் கட்டாயமாக்கியதும், வேக வரம்பு வைத்ததும் நான் பார்க்க நடந்தவை. 2021 ஏப்ரலில் தீவு விரைவுச்சாலையில், நின்ற டிப்பர் மேல் ஒரு லாரி மோதி இரண்டு தொழிலாளர் இறந்தார்கள். அதில் ஒருவர் நம் நாட்டுக்காரர். 2023-ல் நாடாளுமன்றத்திலேயே பேசினார்கள். லாரியை அடியோடு நிறுத்தினால் சிறு நிறுவனங்களால் தாங்க முடியாது, வேலைகள் தாமதமாகும் என்று பதில் வந்தது. 16 மணி நேரம் விழித்தவன் இரவு பத்து மணிக்கு அந்தப் பலகையில் உட்கார்ந்து தூங்கி வழிவதைத் தினமும் பார்த்தவன் நான். லாரிக்குப் பதில் பஸ் விடும் கூலியைக் கணக்கில் சேர்த்துத்தான் ஒப்பந்தப்புள்ளி கொடுக்க வேண்டும் என்று எல்லோருக்கும் ஒரே விதி வைத்தால், யாரும் யாரையும்விட நஷ்டப்பட மாட்டார்கள். 2006-ல் பாதுகாப்புக்கு அப்படித்தானே செய்தார்கள்?

கடைசி ஏழு வருடம் ஒரு நடுத்தர கம்பெனியில் இருந்தேன். அதன் முதலாளி, பழைய ஆட்கள் கைகாட்டுகிறவர்களை ஏஜென்ட் இல்லாமல் நேரடியாக எடுப்பார். டிக்கெட் அவர் செலவு. வேறு இடத்தில் நல்ல வேலை கிடைத்தால் போக ஒப்புதல் எழுதிக் கொடுத்துவிடுவார். அங்கே என் முதல் டூல் பாக்ஸ் மீட்டிங்கை மறக்கவே மாட்டேன். "யாருக்காவது கேள்வி இருக்கா?" என்றதும் ஏழெட்டுக் குரல் ஒன்றாக எழும்பியது. மூன்றாவது மாடிச் சாரத்தில் பலகை கட்டவில்லை, கட்டாமல் நான் ஏறமாட்டேன் என்று திருத்துறைப்பூண்டிப் பையன் ஒருவன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். வந்து இரண்டு மாதம் ஆன பையன். போய்ப் பார்த்தேன். அவன் சொன்னது சரி. அவனுக்குக் கடன் இல்லை. மற்ற கம்பெனிகளில் இருந்த அதே தமிழ்ப் பிள்ளைகள்தான், அதே ஊர்கள்தான். நம் ஆட்கள் வாய் பேசமாட்டார்கள், அவர்கள் சுபாவம் அப்படி என்று அதற்கு முன்னால் நானே பலரிடம் சொல்லியிருக்கிறேன். அது தப்பு என்று அந்தப் பையன் காட்டினான்.

அதனால் நான் கேட்பது அதிகமில்லை. பெர்மிட் காலம் முடிகிற சமயத்தில் முதலாளியின் ஒப்புதல் இல்லாமல் வேறு கம்பெனிக்கு மாற இப்போது வழி இருக்கிறது. நடுவில் மாற அவர் கையெழுத்து வேண்டும். அந்தக் கையெழுத்து போக வேண்டும். காயம்பட்டவனும் சம்பளம் கேட்டு வழக்குப் போட்டவனும் வழக்கு முடியும்வரை வேறு வேலை பார்க்க விட வேண்டும். ஆளெடுக்கும் செலவை ஆள் தேவைப்படுகிறவர் கொடுக்க வேண்டும். சிங்கப்பூர் ஏஜென்ட் தொழிலாளியிடம் வாங்கும் கட்டணத்துக்கு 2011-லிருந்து அதிகபட்சம் இரண்டு மாதச் சம்பளம் என்று வரம்பு இருக்கிறது. பணமோ நம் ஊர்த் திண்ணையில் கைமாறுகிறது. அந்த வரம்பு கடல் தாண்டி வராது.

இந்தப் பக்கம் நம் வேலை. 1983-ம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின்படி, பத்தாவது தேறாதவர் 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக அரசின் அனுமதி வேண்டும். மலேசியா அந்தப் பட்டியலில் உண்டு, சிங்கப்பூர் இல்லை. பதிவு பெற்ற ஏஜென்ட் 30,000 ரூபாயும் வரியும்தான் வாங்கலாம் என்பது விதி. புதுக்கோட்டை, தஞ்சாவூர், திருவாரூர் மாவட்டங்களில் அந்தத் தொகைக்குப் போனவர் ஒருவரை நான் பார்த்ததில்லை. பதிவே இல்லாத உள்ளூர் ஆளிடம், மாமன் மச்சான் என்ற நம்பிக்கையில் லட்சங்களைக் கொடுக்கிறோம். சட்டத்தை மாற்றி எழுத 2021-ல் வரைவு ஒன்று வந்தது. அயலகத் தமிழர் நல வாரியம் இருக்கிறது. முதலில் அவர்கள் இந்தத் திண்ணைகளுக்கு வர வேண்டும்.

இப்போது பேராவூரணியில் இருக்கிறேன். சிங்கப்பூர் வேலைக்கான திறன் தேர்வை, எங்கள் பேச்சில் டெஸ்டை, அடித்து முடித்த பிள்ளைகள் தாளை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வருகிறார்கள். அவர்களிடம் சொல்வதை இங்கேயும் எழுதிவிடுகிறேன். பணம் கட்டுவதற்கு முன்னால் பெர்மிட்டுக்கு முன்கூட்டியே தரும் ஒப்புதலான ஐ.பி.ஏ. கடிதத்தைக் கேட்டு வாங்குங்கள். அதில் தமிழ்ப் பிரதியும் உண்டு. அடிப்படைச் சம்பளம், படி, பிடித்தம் மூன்றும் அதில் எழுதியிருக்கும். ஏஜென்ட் வாயால் சொல்வதை விட்டுவிட்டு அந்த எண்ணைப் பாருங்கள். அதை போட்டோ எடுத்து வீட்டில் ஒருவரிடம் கொடுத்துவைத்துவிட்டுப் போங்கள். கொடுக்கிற ஒவ்வொரு ரூபாயையும் வங்கி வழியாகக் கொடுங்கள், ரசீது கேளுங்கள். அங்கே போய்க் காயம் பட்டால், அது எவ்வளவு சின்னக் காயமாக இருந்தாலும், அன்றைக்கே சொல்லுங்கள். கிளவுஸுக்குள் வைத்துக்கொள்ளாதீர்கள்.